சொந்த வாகனம் இல்லாமல் முதுமலைக்கு: மலை ரயிலும் அரசுப் பேருந்தும் போதுமா?

வேளச்சேரிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சென்னையில் வசிக்கும் ஐந்து பேர் கொண்ட குடும்பம். நானும் என் கணவரும், பத்து வயது மகனும், ஐந்து வயது மகளும், அறுபத்தெட்டு வயதான என் மாமியாரும் காலாண்டு விடுமுறையில் முதுமலைக்குப் போய்வர விரும்புகிறோம். எங்களிடம் கார் இல்லை. வாடகைக் காரில் மலையேறிய ஒரே அனுபவத்தில் குழந்தைகள் இருவரும் வழியெல்லாம் வாந்தியெடுத்துத் துவண்டுபோனார்கள் என்பதால், அதை மறுபடி முயலும் எண்ணமும் இல்லை.

நாங்கள் போட்டிருக்கும் திட்டம் இது. சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து காலை மலை ரயிலில் உதகமண்டலம், அன்றிரவு அங்கேயே தங்கல், மறுநாள் அரசுப் பேருந்தில் முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காடு, காட்டோரம் இரண்டு இரவுகள், பிறகு வந்த வழியே திரும்புதல். திருமணமான புதிதில் ஊட்டிக்குப் போனபோது மலை ரயிலுக்குச் சீட்டுக் கிடைக்காமல் பேருந்தில் ஏறிய கதையை மாமியார் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே அந்த ரயிலைத் திட்டத்திலிருந்து எடுப்பது வீட்டில் எளிதான காரியம் அல்ல. மகனோ, கூண்டிலும் முகாமிலும் இல்லாத யானையை ஒரு முறையாவது பார்த்தாக வேண்டும் என்கிறான்.

என் ஐயங்கள் இவை. முழங்கால் வலியுள்ள மூத்தவரையும் ஐந்து வயதுக் குழந்தையையும் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் மலை ரயிலில் உட்கார முடியுமா? ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்கு இரண்டு வழிகள் இருப்பதாகச் சொல்கிறார்களே, பேருந்தில் போகிறவர்களுக்கு எது ஏற்றது? நீலகிரிக்கு வர இணையத்தில் எடுக்கச் சொல்லும் இ-பாஸ் அனுமதி எங்களுக்கும் வேண்டுமா? கார் இல்லாமல் முதுமலைக்குப் போனால் விடுதி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் என்று பயண முகவராக இருக்கும் உறவினர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பொன்மலைக்காரர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். திருச்சி பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மலை ரயிலின் எஞ்சின்கள் பழுது பார்ப்பதற்கு எங்களிடம்தான் வரும். அவற்றில் சில அங்கேயே புதிதாகக் கட்டப்பட்டவை. எனவே ரயிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், காட்டைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர்தான். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் தொடங்கி 2,200 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் தொடங்கும். எஞ்சினுக்கு அடியில் உள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்விப் பிடித்துக்கொண்டே ஏறும். சில இடங்களில் பன்னிரண்டரை அடி முன்னே போனால் ஓர் அடி உயரும் அளவுக்குச் சரிவு இருப்பதால், சாதாரண எஞ்சின் அங்கே சக்கரம் சுழன்றபடி நின்ற இடத்திலேயே நிற்கும். நம் எஞ்சினில் நான்கு உருளைகள் (சிலிண்டர்கள்) உண்டு; இரண்டு உருளைகள் வழக்கமான சக்கரங்களைச் சுழற்ற, அங்கே வேலை செய்து முடித்த நீராவி வீணாகாமல் மற்ற இரண்டுக்குள் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றும். எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது என்பதை உங்கள் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அவனே கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்கைக் கவனித்துக்கொள்ள ஓர் ஊழியர் நின்றுகொண்டே வருவார், அவர் கையில் இருக்கும் கொடியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குன்னூர் வரையிலான இந்தப் பகுதி 1899-இல் திறக்கப்பட்டது, உதகை வரை நீண்டது 1908-இல். குன்னூருக்கு மேல் பற்சக்கரம் கிடையாது, டீசல் எஞ்சின்தான். நேரம் குறைவாக இருப்பவர்கள் குன்னூர் – உதகை ரயிலில் ஒரு மணி நேரம் ஏறிப் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். காட்சி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ரயிலின் உயிர் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையில் இருக்கிறது என்பது என் கருத்து.

இனி உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. குழந்தையும் மூத்தவரும் இருக்கும் குடும்பத்துக்கு இதுதான் முதல் செய்தி. முன்பதிவு செய்யும் பக்கத்தில் இது யார் கண்ணிலும் படுவதில்லை. எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் இறங்கிப் போய்வரலாம். ஆனால் நடைமேடை தாழ்வாக இருப்பதால் அம்மா படியிறங்கும்போது ஒருவர் கீழே நின்று கைகொடுக்க வேண்டும். அங்கே கையில் தின்பண்டத்தோடு இறங்காதீர்கள். குரங்குகள் ரயில் நேரத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவை. பெட்டிகள் சிறியவை, பெரிய சூட்கேஸ் எங்கும் அடங்காது, தோள்பையும் துணிப்பையுமாகப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி காலை 7.10 மணிக்குப் புறப்படுகிறது. நீலகிரி எக்ஸ்பிரஸ் அதற்குச் சற்று முன்னதாகத்தான் வந்து சேரும் என்பதால், பல் துலக்குவது, குழந்தைகளுக்கு உடை மாற்றுவது எல்லாவற்றையும் கோயம்புத்தூர் தாண்டியதுமே ரயிலுக்குள் முடித்துவிடுவது நல்லது.

முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறக்கும். விடுமுறை நாள்களுக்கு அன்று காலையிலேயே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் குன்னூர் போய், அங்கிருந்து உதகைக்கு ரயில் பிடிக்கலாம். மாமியார் மனத்தில் உள்ள குறை பாதியாவது தீரும்.

கூடலூர் ஆசிரியர் எழுதியது:

பொன்மலைக்காரர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் கூடலூரில் வசிப்பவன். என் மாணவர்களில் பலர் தினமும் காட்டு வழியே பேருந்தில்தான் பள்ளிக்கு வருகிறார்கள். ஆகவே கார் இல்லாமல் முதுமலைக்கு வர முடியாது என்ற பேச்சைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

இ-பாஸ் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாடு வாகனங்களுக்கானது. ரயிலிலும் அரசுப் பேருந்திலும் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தபோதுகூட, பேருந்தில் வந்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. நெகிழித் தண்ணீர்ப் பாட்டில்களுக்கு மாவட்டம் முழுவதும் தடை உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள். எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள்.

உதகையிலிருந்து தெப்பக்காட்டுக்கு இரண்டு வழிகள் உண்மைதான். கல்லட்டி வழி தூரத்தில் பாதிதான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் செங்குத்தாக இறங்குகின்றன. வெளியூர் ஓட்டுநர்கள் அடிக்கடி பிரேக் பிடித்து, அது சூடேறிச் செயலிழந்து விபத்துகள் நடந்ததால், வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கத் தடை விதித்திருக்கிறார்கள். மசினகுடிக்குப் போகும் சிறிய அரசுப் பேருந்துகள் மட்டும் அதில் ஓடுகின்றன. உள்ளூர்க்காரர்கள் கூடையும் மூட்டையுமாக ஏறுவதால் ஐந்து பேருக்கும் இருக்கை கிடைப்பது அரிது. வாந்தி வரும் குழந்தைகளோடு அந்த வழி வேண்டவே வேண்டாம்.

கூடலூர் வழி ஏறத்தாழ 67 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் ஆகலாம். பைக்காரா, நடுவட்டம் வழியாக மெதுவாக இறங்கும் சாலை. நடுவட்டத்தில் ஆங்கிலேயர் காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கச் சிங்கோனா மரங்களை வளர்த்தார்கள். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலைதான். மைசூரு செல்லும் பேருந்தில் ஏறினால் நேராகத் தெப்பக்காட்டில் இறங்கலாம். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது வேறு. கூடலூர் வரை ஒரு பேருந்தில் வாருங்கள். இங்கே இறங்கிக் கால் நீட்டி, சாப்பிட்டு, பிறகு மசினகுடி அல்லது மைசூரு செல்லும் பேருந்தில் மீதமுள்ள 18 கிலோமீட்டரைக் கடந்துகொள்ளுங்கள். ஒரே மூச்சில் இறங்குவதைவிடக் குழந்தைகளுக்கு இது எளிது.

அந்த 18 கிலோமீட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொரப்பள்ளிச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் புலிகள் காப்பகம் தொடங்கிவிடும். சாலையின் இருபுறமும் உண்ணிச்செடி ஆளுயரத்துக்குப் புதராக மண்டிக் கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து நட்ட செடி அது. இன்று மான் மேய வேண்டிய புல்லின் இடத்தை அதுவே பிடித்துக்கொண்டது. காரில் போகிறவர் கண்ணுக்கு அந்தப் புதரின் சுவர்தான் தெரியும். பேருந்தின் சன்னல் உயரத்தில் உட்கார்ந்தால் புதருக்கு மேலாகப் பார்வை காட்டுக்குள் போகும். காட்டுமாடு, கடமான், மூங்கில் தூருக்குப் பின்னால் நிற்கும் யானை ஆகியவற்றைக் காரில் வந்தவர்களைவிடப் பேருந்துப் பயணிகள் அதிகம் பார்ப்பதற்குக் காரணம் அதிர்ஷ்டம் அல்ல, அந்த மூன்றடி உயரம்தான்.

தங்குவதற்கு வனத்துறையின் விடுதிகள் தெப்பக்காட்டிலேயே இருக்கின்றன, இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கார் இல்லாதவர்கள் அங்கேதான் தங்க வேண்டும் என்பேன். வனத்துறையின் சவாரி வண்டி புறப்படும் இடமும், யானைகள் முகாமும் அருகிலேயே இருப்பதால் உங்கள் உறவினர் சொன்ன சிக்கல் எழாது. மசினகுடிப் பக்கம் தனியார் விடுதி தேடுவதானால் அனுமதி பெற்றதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சீகூர் யானை வழித்தடத்தில் கட்டப்பட்ட விடுதிகளுக்கு எதிரான தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அதற்கு முன்பே பல விடுதிகள் பூட்டி முத்திரையிடப்பட்டிருந்தன.

காலாண்டு விடுமுறை நல்ல காலம்தான். தென்மேற்குப் பருவமழை தணிந்திருக்கும், காடு பச்சையாக இருக்கும். மலை ரயில் பாதையில் மண் சரிந்து சேவை நிற்பது பெரும்பாலும் அதற்குப் பிந்தைய வடகிழக்குப் பருவமழையில்தான். பிப்ரவரி, மார்ச்சில் வந்தால் காடு காய்ந்து கிடக்கும். காட்டுத்தீக்கு அஞ்சிச் சில ஆண்டுகளில் சுற்றுலாவையே நிறுத்தியிருக்கிறார்கள்.

மைசூருப் பயணி எழுதியது:

மேலே உள்ளவற்றோடு எனக்கு உடன்பாடுதான், ஒரு எச்சரிக்கை மட்டும். சென்ற ஆண்டு நாங்கள் அங்கே தங்கியபோது, இரவில் புலி காட்டுகிறேன் என்று ஒரு ஜீப்காரர் சொன்னதை நம்பி நான்கு பேராகப் பணம் கொடுத்தோம். அவர் பொதுச் சாலையிலேயே டார்ச்சை இங்குமங்கும் அடித்தபடி ஒரு மணி நேரம் சுற்றினார். ஒரு மான் கூட்டம் வெளிச்சத்தில் கண் கூசி அப்படியே உறைந்து நின்றதைப் பார்த்தபோது புலியைப் பார்க்கும் ஆசையே போய்விட்டது. இரவுச் சவாரியை வனத்துறை நடத்துவதில்லை. யார் அழைத்தாலும் அது விதி மீறிய செயல்தான். காப்பகத்துக்குள் போவது காலையிலும் மாலையிலும் செல்லும் வனத்துறை வண்டி மட்டுமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சவாரியில் ஒன்றும் தென்படாமல் போவதும் உண்டு. அதைக் குழந்தைகளிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

வேளச்சேரிவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மலை ரயிலுக்கு ஐந்து இருக்கைகள் கிடைத்துவிட்டன. 60-ஆவது நாள் காலையில் கணவரும் நானும் இரண்டு கைப்பேசிகளோடு உட்கார்ந்து பிடித்தோம். ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும். பேருந்துப் படி மாமியாருக்கு உயரமாக இருக்குமே, என்ன செய்யலாம்?

கூடலூர் ஆசிரியர் எழுதியது:

சகோதரி, பேருந்து புறப்படும் நிலையத்திலேயே ஏறுங்கள், வழியில் ஏறாதீர்கள். வண்டி நிற்கும் இடத்தில் நடத்துநரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவசரப்படுத்த மாட்டார். அம்மாவை ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையில் அமர்த்துங்கள், குலுக்கல் குறைவாக இருக்கும். பின் சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். கடைசிப் பேருந்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பந்திப்பூர் வழியான சாலை இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை மூடப்படுவதால், மாலையானதும் அந்தப் பக்கம் போக்குவரத்து குறைந்துவிடும்.

வேளச்சேரிவாசி எழுதியது:

சென்ற வாரம் போய்வந்தோம். கேட்டுவிட்டுக் காணாமல் போவது முறையல்ல என்பதால் இதை எழுதுகிறேன்.

மலை ரயிலில் மாமியார் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை சன்னலை விட்டு நகரவில்லை. பற்சக்கரம் கவ்வத் தொடங்கியதும் பெட்டிக்கு அடியில் கடகடவென்று ஒரு சத்தம் எழுந்தது. மகள் பயந்து என் மடியில் ஏறிக்கொள்ள, மாமியார் அம்மியில் மிளகாய் அரைக்கும் சத்தம்தான் என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்தினார். எஞ்சின் எங்கே என்று முன்பக்கம் எட்டி எட்டிப் பார்த்த மகன், ஒரு வளைவில் வால்பக்கம் புகை வருவதைக் கண்டு, ரயில் பின்னால் போகிறதா என்று கேட்டான். பொன்மலைக்காரர் ஐயாவுக்கு அவனுடைய வணக்கம். ஹில்குரோவில் என் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைக் குரங்கு கொண்டுபோனது; எச்சரித்த பிறகும் இறங்கியது என் தவறு.

உதகையிலிருந்து கூடலூர் வந்த பேருந்தில் யாருக்கும் வாந்தி வரவில்லை. தெப்பக்காட்டில் வனத்துறை விடுதியில் இரண்டு இரவுகள் தங்கினோம். இருட்டிய பிறகு வெளியே நடக்கக் கூடாது என்பதால் எட்டரை மணிக்கே படுத்துவிட்டோம். மோயாறு ஓடும் சத்தம் அறைக்குள் கேட்டது. கைப்பேசிக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காததில் கணவரைத் தவிர யாருக்கும் வருத்தம் இல்லை.

முகாமில் யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்த்தோம். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, செங்கல் அளவுக்கு உருட்டி வைத்திருந்தார்கள். பாகன் சொன்னதும் யானை துதிக்கையைத் தூக்கி வாயைத் திறக்க, அவர் உருண்டையை நேராக உள்ளே வைத்தார். கவளம் கவளம் என்று சொல்கிறோமே, இதுதான் கவளம் என்று மாமியார் பேத்தியிடம் காட்டினார். அதன்பின் இரண்டு நாளும் மகள் சோற்றை உருட்டித் துதிக்கை போலக் கையைத் தூக்கிக்கொண்டுதான் சாப்பிட்டாள்.

வனத்துறைச் சவாரியில் புள்ளிமான்களும், ஒரு மலையணிலும், தூரத்தில் காட்டுமாட்டின் முதுகும் தெரிந்தன. யானை தென்படவில்லை. முன்பே சொல்லி வைத்திருந்தும் மகன் முகம் வாடிவிட்டது.

திரும்பும் நாள் காலை கூடலூர் பேருந்தில் கார்குடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தபோது, ஓட்டுநர் எந்தச் சத்தமும் இல்லாமல் வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார். நடத்துநர் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். இடப்புறம் உண்ணிச்செடிப் புதருக்கு மேல் முதலில் இரண்டு காதுகள்தான் தெரிந்தன. பிறகு ஒரு பெண் யானை புதரை விலக்கிச் சாலைக்கு வந்து, எங்கள் பக்கம் திரும்பி நின்றது. அதன் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. அது அவசரப்படவில்லை, குட்டி முழுவதும் கடந்த பிறகுதான் தாய் நகர்ந்தது. பேருந்தில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள், ஒருவர்கூட இருமவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற காரில் இருந்தவர்கள் முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்ததைச் சன்னல் வழியே பார்த்தேன். ஆசிரியர் ஐயா சொன்ன மூன்றடி நினைவுக்கு வந்தது.

இனிப் போகிறவர்களுக்கு ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். மூட்டு வலி உள்ளவர்களை அழைத்துப் போனால் முதல் இரவை உதகையில் வைக்காமல் குன்னூரில் வையுங்கள். அன்று மாலை உதகையில் இறங்கிய குளிர் மாமியாரின் முழங்காலைத் தெப்பக்காடு வந்து சேரும்வரை விடவில்லை. குன்னூர் சற்றுத் தாழ்வாக இருப்பதால் குளிரும் குறைவு. அங்கேயே இறங்கிக்கொண்டால் ரயிலின் சிறந்த பகுதியும் கைவிட்டுப் போகாது.